மூன்று மில்லி குறைத்து

என் கணவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. ஆனால் எங்கள் பிக்கப் வண்டிக்கு எந்தச் சக்கரம், எந்த டயர் என்று முடிவு செய்வதற்கு அவருக்கு இருபத்துமூன்று நாள் ஆனது. அந்த இருபத்துமூன்று நாளில் வண்டியை ஓட்டுகிற என்னிடம் அவராக ஒன்றுமே கேட்கவில்லை என்று சொன்னால் பாவம். ஒன்று கேட்டார். டார்ச் எங்கே என்று.

எங்களுடையது கண்ணாடிக் கடை. ஜன்னல் கண்ணாடி, மேஜைக் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி. அளப்பதும் வெட்டுவதும் அவர். வண்டி ஓட்டுவதும், வாடிக்கையாளரிடம் சிரித்துப் பேசுவதும், ஏன் அவ்வளவு சிரித்துப் பேசினாய் என்று அப்புறம் அவரிடம் பேச்சு வாங்குவதும் நான். வண்டியின் பின்பக்கம் ஏணி மாதிரி சாய்ந்த ஓர் இரும்புச் சட்டம் இருக்கிறது. கண்ணாடிகளை அதில் நிறுத்திக் கட்டுவோம். கல்யாணமான பத்தொன்பது வருடமாக அந்தச் சட்டத்தோடு இந்த ஊரின் ஒவ்வொரு மேட்டிலும் ஏறி இறங்கியிருக்கிறேன். ஒரு கீறல் கிடையாது.

போன மாதம் வரைக்கும் கிடையாது.

அன்று நல்ல மழை. மேல் தெருவிலிருந்து இறங்கும் சரிவு, அச்சகத்துச் சுவரை ஒட்டி வலது பக்கம் வளைகிறது. வளைவுக்கு முன்னால் ஒரு விளக்குக் கம்பம். கம்பம் வந்ததும் பிரேக்கில் கால் வைப்பேன். எப்போதும் அங்கேதான். அன்றும் அங்கேதான் வைத்தேன். வண்டி அதைப் பொருட்படுத்தவில்லை. சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய், நடைபாதைக் கல்லில் இடது பக்கம் மோதிய பிறகுதான் நின்றது. இடது பக்கத்துச் சக்கரம் இரண்டும் நெளிந்தன. நடனப் பள்ளிக்கு எடுத்துப்போன ஆளுயரக் கண்ணாடிகளில் ஒன்றில் குறுக்கே விரிசல் விழுந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் முதலில் பின்னால் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"அடி பட்டுச்சா?"

"இல்ல."

இறங்கி மழையில் குந்தி, சட்டைப் பையிலிருந்து அளவுக் கருவியை எடுத்து, நான்கு டயரிலும் பள்ளத்தின் ஆழத்தை அளந்தார். நனைந்துகொண்டே வந்து ஜன்னலருகில் நின்றார்.

"ஆறு மில்லி இருக்கு. டயர்ல ஒரு குறையும் இல்ல. நீதான் பிரேக்க லேட்டா போட்டுட்ட."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை கொடுத்து அதோடு முடித்திருப்பேன். அவர் அளவு சொல்கிற குரலில் சொன்னார். அந்தக் குரலோடு மல்லுக்கு நிற்க முடியாது. அன்றிலிருந்து பாத்திரம் துலக்கும்போதும் துணி மடிக்கும்போதும் என் வலது கால் தானாகத் தரையை ஒரு தடவை அழுத்திப் பார்த்தது. லேட்டாகவா போட்டேன்? நாற்பத்தாறு வயதில் என் கால் மந்தமாகிவிட்டதா? கண்ணாடி போனது எனக்குப் பெரிதில்லை. வண்டி ஓட்டுவது ஒன்றுதான் அந்தக் கடையில் எனக்கே எனக்கு என்று இருந்தது. அதில் கை வைத்தது எனக்குத் தாங்கவில்லை.

இழுவை வண்டி எங்கள் பிக்கப்பைக் கடை வாசலில் இறக்கியதும் சாவியை ஆணியில் மாட்டினேன். "நாலு சக்கரமும் நாலு டயரும் மாத்துற வரைக்கும் இதத் தொட மாட்டேன்" என்றேன். இது வெளியே சொன்னது. உள்ளே முடிவு செய்தது வேறு. டயர் வந்த பிறகும் அந்த 'லேட்டு' அப்படியே நின்றால் சாவியும் ஆணியிலேயே நிற்கட்டும். சம்பளத்துக்கு ஒரு டிரைவரை வைத்துக்கொள்ளட்டும்.

அவர் ஆராய்ச்சியில் இறங்கினார். எங்கள் மாடல் பழையது. அதற்கு வந்த சக்கரம் இப்போது வருவதில்லை, வேறுதான் பார்க்க வேண்டும் என்று ஆனது அவருக்குத் தோதாகப் போயிற்று. மார்க்கெட் பக்கத்து வாகன நிறுத்தத்துக்கு நோட்டோடு போய் மற்றவர்கள் வண்டிச் சக்கரங்களைக் குனிந்து படித்தார். டயரின் பக்கவாட்டில் இருக்கும் எழுத்து, எண் ஒன்று விடாமல் எழுதினார். ஒரு லாரிக்காரர் இவரைச் சக்கரத் திருடன் என்று நினைத்து விரட்டியிருக்கிறார். அதையும் அவர் நோட்டில் எழுதினார் என்று நினைக்கிறேன். சாப்பிடும்போதும் அதே பேச்சு.

"அகலமான டயர் போட்டா பாக்க எடுப்பா இருக்கும். ஆனா ஸ்டியரிங் கனமாகும். முரட்டுப் பள்ளம் போட்ட டயர் மண் ரோட்டுக்குத்தான். நமக்குத் தார் ரோடு. லோடு தாங்குற நம்பர் முக்கியம். கண்ணாடி கனம்."

"மழையில நிக்கணும்" என்றேன்.

"அதுக்கு ஒரு நம்பர் இருக்கா?"

"எனக்குத் தெரியாது. நிக்கணும்."

"நம்பர் இல்லாம எப்படித் தேர்ந்தெடுக்கறது?" என்று அவர் குழம்பை ஊற்றிக்கொண்டார். மறுநாள், ஈரத்தில் பிடிக்கும் தன்மைக்கு டயர் லேபிளில் ஓர் எழுத்து உண்டு என்று கண்டுபிடித்து வந்தார். எண் இல்லை, எழுத்துதான் என்பதில் அவருக்குக் கொஞ்சம் மனக்குறை.

ஒரு வழியாக டயர் முடிவானது. சக்கரத்துக்கு இன்னும் ஓர் அளவு வேண்டும் என்றார் டயர்க்காரர். அவர் கடை பேருந்து நிலையத்துக்குப் பின்னால். பதினைந்து வருடப் பழக்கம். "உங்க மாடல்ல வருஷத்துக்கு வருஷம் மாத்தியிருக்காங்க அக்கா. போல்ட் வட்டத்த அளந்து சொல்லிடுங்க, குடோன்லேருந்து எடுத்துடறேன்" என்று போனில் சொன்னார். சக்கரத்தைப் பிடிக்கும் ஐந்து போல்ட்டும் ஒரு வட்டத்தில் நிற்கின்றன. அந்த வட்டத்தின் குறுக்களவு வண்டியிலும் புதுச் சக்கரத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

வட்ட மேஜைகளுக்குக் கண்ணாடி வெட்டுகிறவருக்கு வட்டம் ஒரு பொருட்டா? நெளிந்த சக்கரத்தைக் கழற்றி, போல்ட்டுகள் மேல் ஓர் அட்டையை அழுத்தி, ஐந்து புள்ளி எடுத்து, காம்பஸால் வட்டம் போட்டு அளந்தார். டார்ச் அதற்குத்தான். நோட்டில் எழுதி என்னிடம் கொடுத்தார். நான் பேருந்தில் போனேன்.

இங்கே அந்த நோட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜன்னல் சட்டத்தின் அளவுக்கே கண்ணாடி வெட்டினால் கண்ணாடி உள்ளே போகாது. சுற்றிலும் கொஞ்சம் இடம் வேண்டும். அதனால் மூன்று மில்லிமீட்டர் குறைத்து வெட்டுவோம். கல்யாணமான புதிதில் அவர் முழு அளவை நோட்டில் எழுதி வைக்க, அப்போது வெட்டப் பழகிக்கொண்டிருந்த நான் அதைப் பார்த்து அப்படியே வெட்ட, ஒரு மாடிப்படிக் கண்ணாடி அத்தனையும் குப்பைக்குப் போனது. அதிலிருந்து எங்கள் கடையில் ஒரே சட்டம். மூன்று மில்லி கழித்த பிறகுதான் எந்த அளவும் நோட்டில் ஏறும். பத்தொன்பது வருடத்தில் அந்தக் கழித்தல் அவர் மூளையை விட்டுக் கைக்கு இறங்கிவிட்டது. அவருக்கே தெரியாமல் எல்லாவற்றிலும் கழிப்பார். புதுத் துணி போட்டுக்கொண்டு "நல்லா இருக்கா?" என்று கேட்டால் "இருக்கு" என்பார். 'நல்லா' அந்த மூன்று மில்லியில் போய்விடும்.

டயர்க்காரர் கடையில் நோட்டைப் பிரித்து, "நூத்திப் பன்னெண்டு" என்று படித்தேன்.

அவர் டீயைக் கீழே வைத்தார். "நூத்திப் பன்னெண்டா? அது பெரும்பாலும் கார்ல வர்ற அளவாச்சே அக்கா. பிக்கப்புன்னா நூத்திப் பதினாலு புள்ளி மூணு பாத்திருக்கேன்."

"எங்க வீட்டுக்காரர் அளந்தா புள்ளி கிள்ளியெல்லாம் வராது."

"இல்ல, ஒரு தடவ சரி பாத்துட்டு..."

"பத்தொம்போது வருஷமா இந்த நோட்டப் பாத்துத்தான் கண்ணாடி வெட்டறோம். ஒரு தடவகூட நோட்டு தப்பினது இல்ல."

சத்தமாகத்தான் சொன்னேன். என் கணவர் மேல் மூன்று வாரமாகக் கோபம் இருந்தும், அவரை இன்னொருவர் சந்தேகப்பட்டதும் எனக்கு எங்கிருந்து அவ்வளவு ரோஷம் வந்ததோ தெரியவில்லை. டயர்க்காரர் தோளைக் குலுக்கினார். "அந்த அளவுல லோடு தாங்குற வேன் சக்கரம் இருக்கு. போட்டுடலாம்" என்றார்.

ஐந்தாம் நாள் காலையில், டயர் மாட்டி காற்று நிரப்பிய நான்கு சக்கரத்தோடு டயர்க்காரரே வந்தார். கறுப்புச் சக்கரம். பார்க்க லட்சணமாக இருந்தது. என் கணவர் ஒவ்வொன்றையும் சுற்றி வந்து, விரலால் தட்டி, லேபிள் எழுத்தைச் சரிபார்த்து, "ம்" என்றார். அவர் கணக்கில் அது கைதட்டல்.

ஜாக்கியில் தூக்கிய வண்டியில் டயர்க்காரர் முதல் சக்கரத்தை ஏற்றினார். ஒரு நட்டு ஏறியது. இரண்டாவதும் ஏறியது. மூன்றாவது பாதியில் முரண்டு பிடித்தது. நான்காவது போல்ட், ஓட்டையின் ஓரத்தில் சாய்ந்துகொண்டு எட்டிப் பார்த்தது.

"கொஞ்சம் இறுக்கினா உக்காந்துடும்" என்றார் என் கணவர்.

டயர்க்காரர் என்னைப் பார்த்தார். என் கணவர் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார். "இறுக்குங்க. அளவு சரியாத்தான் இருக்கு."

"கண்ணாடிய இப்படி அமுக்குவீங்களா?" என்றேன்.

அவர் கை அப்படியே நின்றது. அளவு எடுத்த அட்டை கண்ணாடி வெட்டும் பட்டறை மூலையில்தான் கிடந்தது. டயர்க்காரர் அதை எடுத்து டேப்பை வைத்தார். "நூத்திப் பதினஞ்சு கிட்ட வருது அண்ணே. பென்சில் தடிமனக் கழிச்சா பதினாலு புள்ளி மூணு. நான் அக்காகிட்ட அன்னிக்கே சொன்னேன்."

"நூத்திப் பதினஞ்சுதான்" என்றார் என் கணவர். "நானும் அதத்தான் அளந்தேன்."

"நோட்டுல நூத்திப் பன்னெண்டு இருக்கே?" என்றார் டயர்க்காரர்.

எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்கும் புரிந்தது முகத்தில் தெரிந்தது. ஐந்து போல்ட்டுக்குச் சுற்றிலும் கண்ணாடி மாதிரி இடம் விட்டிருக்கிறார் மனிதர். டயர்க்காரருக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. அவருக்கு நான் விளக்கினேன். அவர் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு சொல்லி மாளாது.

என் கணவர் நோட்டை மூடினார். "நோட்டு சரிதான். நோட்டுல இருக்கறது கழிச்ச அளவுன்னு இந்தக் கடையில எல்லாருக்கும் தெரியும். அத அப்படியே போய்க் கடையில சொன்னது நீ."

பிரேக்கும் என் தப்பு. போல்ட்டும் என் தப்பு. அதைவிட எரிச்சல், அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்ததுதான். டயர்க்காரர் கேட்டபோது நான் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். நோட்டுக்கு வக்காலத்து வாங்கத்தான் வாய் முந்திக்கொண்டது.

"சண்ட வேணாம்" என்றார் டயர்க்காரர். "சக்கரம் ஓடல, மாத்திக் குடுத்துடறேன். டயரக் கழட்டி வேற சக்கரத்துல போட்டுக்கலாம். இந்தப் பழசயும் எடுத்துட்டுப் போறேன்." பழைய சக்கரங்களை ஒவ்வொன்றாக உருட்டி வந்தவர், மூன்றாவதில் நின்று, டயரின் ஓரத்தை எச்சில் தொட்டுத் துடைத்தார்.

"அண்ணே, இது எப்ப வாங்கினது?"

"மூணு வருஷம். பழசா வாங்கினதுதான். ஆனா பள்ளம் நல்ல ஆழம். அளந்து பாத்துத்தான் வாங்கினேன்."

"இங்க நாலு எண் இருக்கு பாருங்க. முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். இது செஞ்சு பதிமூணு வருஷம் ஆகுது." அவர் கட்டைவிரல் நகத்தால் அந்த டயரை அழுத்தினார். ஒன்றும் பதியவில்லை. புது டயரை அழுத்தினார். பிறை மாதிரி ஒரு தடம் விழுந்து மெல்ல மறைந்தது. "ரப்பர் செத்துப்போச்சு அண்ணே. பள்ளம் ஆறு மில்லி இருந்தா என்ன, பத்து இருந்தா என்ன? மழையில இதப் போட்டுட்டு யாரு பிரேக் போட்டாலும் நிக்காது."

என் கணவர் குந்தி உட்கார்ந்து அந்த நாலு எண்ணைப் பார்த்தார். மற்ற மூன்று டயரையும் புரட்டிப் பார்த்தார். வாகன நிறுத்தத்தில் இருபத்துமூன்று நாள் ஊரார் டயரையெல்லாம் படித்தவர், தன் டயரைப் படித்ததில்லை. நகத்தால் அழுத்தினார். இன்னொரு தடவை அழுத்தினார். எழுந்து உள்ளே போய், கால் மணி நேரம் ஒரு கண்ணாடியைத் துடைத்தார். அது ஏற்கெனவே துடைத்து வைத்த கண்ணாடி.

தப்பை ஒப்புக்கொள்ளுங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டு வாங்குவதற்கு அது என்ன, கடைச் சாமானா?

நான்கு நாள் கழித்துச் சரியான சக்கரம் வந்தது. ஐந்து நட்டும் விரலாலேயே சுழன்று ஏறின. அன்று மத்தியானம் மழை. நடனப் பள்ளிக்கு மாற்றுக் கண்ணாடி தயாராக இருந்தது. சட்டத்தில் நிறுத்திக் கட்டிவிட்டு அவர் தானே போய் ஆணியிலிருந்து சாவியை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

"டிரைவர் யாரையாவது பாருங்க" என்றேன். "சீக்கிரமா பிரேக் போடற ஆளா."

அவர் கையை மடக்கவில்லை. மழைச் சாரல் அந்தக் கையில் விழுந்துகொண்டிருந்தது. "சரிவு வரைக்கும் வா" என்றார். "அதுக்கப்பறம் உன் இஷ்டம்."

ஓட்டினேன். சரிவு தொடங்கியது. பயமாக இருந்தது, அதை மறைப்பதில் அர்த்தமில்லை. அச்சகத்துச் சுவர் தெரிந்தது. "எப்பவும் போடற இடத்துலயே போடு" என்றார் அவர். கம்பம் வந்தது. கால் வைத்தேன்.

வண்டி நின்றது. வேறொன்றும் நடக்கவில்லை. கதவைத் திறக்கிற பேருந்து மாதிரி ஒரு பெருமூச்சு விட்டு, சாலை நடுவில் நின்றது. பின்னால் கண்ணாடி சின்னதாக ஒரு தடவை முனகியதோடு சரி.

அவர் இறங்கினார். மழையில் முன்னால் நடந்தார். அன்று நாங்கள் மோதிய கல்லில் ஒரு வெள்ளைத் தழும்பு இன்னும் இருந்தது. டேப்பின் நுனியை அந்தத் தழும்பில் செருகி, இழுத்துக்கொண்டே வந்து என் முன்சக்கரத்தருகில் குந்தினார். எனக்குப் பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. அவர் அந்தக் காரைப் பார்த்து, பொறு என்று கையைக் காட்டிவிட்டு, எண்ணை இரண்டு தடவை படித்தார். வந்து என் ஜன்னலருகில் நின்றார். அன்று நின்ற அதே இடம். அதே மாதிரி நனைந்திருந்தார்.

"நாலாயிரத்து இருநூத்திப் பதினேழு மில்லி மிச்சம்" என்றார்.

"கழிச்சதா?"

"இல்ல. முழு அளவு."

ஹாரன் இன்னும் நீளமாக அடித்தது. அவர் நகரவில்லை.

"அன்னிக்கும் கம்பம் என் ஜன்னலுக்கு நேரா வந்தப்பதான் நீ கால் வச்ச. பாத்தேன். இன்னிக்கும் அங்கயேதான் வச்ச. நீ லேட்டா போடல."

"பாத்துட்டா லேட்டுன்னு சொன்னீங்க?"

"டயர் ஆறு மில்லி இருந்துச்சு" என்றார். தண்ணீர் அவர் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. "நான் வாங்கின டயர். அது தப்பா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. மிச்சம் நீ ஒருத்திதான் இருந்த."

நாலு வார்த்தை நன்றாகக் கேட்க வேண்டும் என்று ஒரு மாதமாகச் சேர்த்து வைத்திருந்தேன். பின்னாலிருந்த கார்க்காரர் தலையை வெளியே நீட்டி எங்கள் இருவரின் பரம்பரையையும் விசாரித்தார்.

"ஏறுங்க" என்றேன். "கண்ணாடி நனையுது."

"கண்ணாடிக்கு நனைஞ்சா ஒண்ணும் ஆகாது" என்றார்.

"உங்களத்தான் சொன்னேன்."

அவர் சுற்றி வந்து ஏறி, கதவைச் சாத்தி, நோட்டை எடுத்து மடியில் வைத்து 4217 என்று எழுதினார். எழுதி முடித்த பிறகு அவர் பேனா கழிக்கப் பார்ப்பது போல அந்த எண்ணுக்குக் கீழே ஒரு கணம் தயங்கி நின்றதைப் பார்த்தேன். பேனாவை மூடிப் பையில் செருகினார். நான் கியரைப் போட்டேன்.